பலமனேர் மாமாவோடு ஒரு சுற்று

அன்புள்ள ரேவதிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாய். அங்கே குளிர் எப்படி, பெட்டியில் வைத்த ஊறுகாய் சிந்தாமல் வந்ததா என்று எல்லாம் பேசி முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாய். "நைனா, ரிசப்ஷன் அன்னிக்கி டான்ஸ் நடுவுல நீயும் பலமனேர் மாமாவும் தரையில உக்காந்துகினு இன்னா பேசிக்கினீங்க?" உன் அம்மா பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருமுனையில் ஹார்ன் அடித்தால் அது எந்த பஸ் என்று சொல்லும் காது அவளுக்கு. அதனால், "ஒன்னுமில்ல பாப்பா, கால் வலி, உக்காந்தோம்" என்று சமாளித்துவிட்டேன். ஆனால் உனக்குத் தெரியவேண்டிய விஷயம்தான். போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவேன், இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் மாப்பிள்ளையிடம் காட்டிச் சிரிக்காதே. ஹரி சித்தூரில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தமிழ் வாசிக்க வராது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

அப்பன் மகளுக்கு நன்றி சொல்வது நம் வீட்டில் வழக்கமில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. நீ எங்கள் இருவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துப்போய் வைத்திருந்தாயே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு சனிக்கிழமை "டான்ஸுக்குப் போலாம் வாங்க" என்றாய். நான் மேடை இருக்கும், நாற்காலி இருக்கும், உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். போனால் பெரிய மரத்தரை. இரண்டு நீள வரிசையாக ஜனங்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு அம்மாள் மைக்கில் அடுத்தது என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், வயலின் விடாமல் ஓடுகிறது. ஆண்களில் இரண்டு மூன்று பேர் பாவாடை கட்டியிருந்தார்கள். காற்றோட்டமாக இருக்குமாம். நான் நல்ல லுங்கியை வீட்டில் விட்டுவிட்டு, நீ வாங்கிக்கொடுத்த இறுக்கமான பேன்ட்டில் மூச்சுவிட முடியாமல் நின்றேன்.

அதற்குப் பெயர் காண்ட்ரா என்றாய். ஜோடியோடு ஆட வேண்டும், ஆனால் ஜோடியோடு மட்டும் இல்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஓர் இடம் நகர்ந்து எதிரே வரும் புதிய ஆளோடும் ஆட வேண்டும், வரிசையில் இருக்கும் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது என்றாய். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. என் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான்: பேலன்ஸ். கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி, அது பேலன்ஸ். பிறகு ஒருவரை ஒருவர் அணைத்தாற்போலப் பிடித்துச் சுழல்வது ஸ்விங். பேலன்ஸா, இது நம்ம தொழிலாச்சே என்று தைரியம் வந்துவிட்டது. திருப்பதி–திருத்தணி பஸ்ஸில் ஆயுசு முழுக்கக் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன் நான். புத்தூர் வளைவில் பாசஞ்சர் எல்லாரும் ஒருவர் மடியில் ஒருவர் விழுவார்கள், நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சில்லறை எண்ணுவேன்.

எனக்கு எதிரே வெள்ளை முடி அம்மாள் ஒருவர் வந்தார். முன்னால் போனேன், பின்னால் வந்தேன். சரியாகத்தான் செய்தேன். செய்துவிட்டு நின்றுவிட்டேன். ஸ்டாப்பிங் வந்தால் நிற்பதுதானே முறை? பாட்டு நிற்கவில்லை. அந்த அம்மாள் என்னை இழுத்துச் சுழற்றப் பார்த்தார், என் கால் அவர் கால்மேல் பட்டது. பட்டதா, உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் கைக்கு வேறு என்ன தெரியும்? நெரிசல் பஸ்ஸில் தினம் எத்தனை பேர் காலை நான் மிதித்து, எத்தனை பேரைத் தொட்டுக் கும்பிட்டது அது. ஆனால் அந்த அம்மாள் நான் எதையோ கீழே போட்டுவிட்டேன் என்று நினைத்து அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார். பின்னால் வந்த பாவாடைக்காரர் எங்கள் இருவர் மேலும் மோதி, அவரும் உட்கார்ந்து தேடினார். நீ ஓடிவந்து "நத்திங், நத்திங்" என்று சொல்லிச் சொல்லி மூன்று பேரையும் தூக்கிவிட்டாய். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "நீயும் வாம்மா" என்று நீ கூப்பிட்ட போதெல்லாம் அவள், "நான் பாத்துக்கினே இருக்கேன், எனக்கு அதுவே போதும்" என்றுதான் சொன்னாள். அங்கே இருந்த வரைக்கும் ஒரு சனிக்கிழமைகூட அவள் ஆடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

மறுநாள் சமையலறையில் நீ எனக்கு வகுப்பு எடுத்தாய்.

"நைனா, நீ பேலன்ஸ முடிச்சிட்டு நின்னுட்ற. அப்புறமா ஸ்விங்க புதுசா ஆரம்பிக்கிற. ரெண்டும் வேற வேற இல்ல."

"ஸ்டாப்பிங்ல நிக்காம எப்படி?"

"அது ஸ்டாப்பிங் இல்ல, கியர் மாத்துற எடம். கியர் மாத்துறதுக்கு டிரைவர் வண்டிய நிறுத்துவாரா?"

கண்டக்டர் மகள் அல்லவா, எனக்குப் புரியும் பாஷையில் சொன்னாய். பிறகு கையைப் பிடித்தாய். கட்டை விரலால் இறுக்காதே, விரல்களை மட்டும் கொக்கி போல மடக்கிக்கொள் என்றாய். பின்னால் அடி வைக்கும்போது லேசாகச் சாய் என்றாய். அதுதான் என்னால் முடியவில்லை.

"கண்டக்டர் யார் மேலயும் சாயக்கூடாது பாப்பா. கம்ப்ளெய்ன்ட் ஆயிடும்."

"நான் பாசஞ்சர் இல்ல நைனா, உன் பொண்ணு. வெயிட்ட என் கையில குடு. நீ குடுத்தாதான் நானும் குடுக்க முடியும். ரெண்டு பேரும் குடுத்தா யாரும் வுழ மாட்டோம்."

சாய்ந்தேன். ரேவதி, அந்த ஒரு நொடியைத்தான் நான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்ல நினைக்கிறேன், வார்த்தைதான் கிடைக்கவில்லை. என் கை நீண்டது, உன் கை நீண்டது, நடுவில் ஒரு இழுப்பு வந்து நின்றது. அந்த இழுப்பே என்னை முன்னால் கொண்டுவந்தது. நான் ஸ்விங்கை ஆரம்பிக்கவே இல்லை, அது தானாக ஆரம்பித்துவிட்டது. அடுப்பையும் பிரிட்ஜையும் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றபோது, நான் இத்தனை வருஷம் பேலன்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தது வேறு என்று தெரிந்தது. நான் விழாமல் நின்றேன், அவ்வளவுதான். தனியாக நின்றேன்.

"பின்னாடி போறது தூரமா போறதுக்கு இல்ல நைனா. திரும்பி வர்றதுக்கு" என்றாய். "கைய மட்டும் வுட்றாத."

மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வந்தது. தரையைப் பார்த்தால் தலை சுற்றும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார் என்றாய். ஊர் பேர் தெரியாத அம்மாமார்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. ஒன்று மட்டும் கடைசி வரை வரவில்லை. ஸ்விங்கில் இருவருடைய வலது காலும் ஒட்டினாற்போல இருக்க வேண்டும், அதுதான் அச்சு, கால் படத்தான் செய்யும், படட்டும் என்று நீ எத்தனை தடவை சொன்னாய். தலைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. பட்டால் குனிந்தது.

இனி பலமனேர் மாமா. உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம் என்பதும் தெரியும், ஏன் என்று நீ கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். காரணம் சொன்னால் சிரிப்பாய். அவன் மகள் உமாவின் சடங்குக்கு அவன் நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்கவில்லை, பத்திரிகையை போனில் படமாக அனுப்பினான். தக்காளி பறிப்பு, தோட்டத்தில் லாரி நிற்கிறது, வர நேரமில்லை. நான் உன் அம்மாவை மட்டும் அனுப்பினேன். அதனால் அவன் நம் புது வீட்டுக்கு வரவில்லை. அதனால் நான் அவன் மாமியார் காரியத்துக்குப் போகவில்லை. அவன் ஓர் அடி பின்னால், நான் ஓர் அடி பின்னால். உன் அம்மா மட்டும் கொல்லைப் பக்கம் போய் அவனோடு போனில் குசுகுசுவென்று பேசுவாள், நான் வந்தால் "ராங் நம்பர்" என்பாள். அரை மணி நேரம் பேசிய ராங் நம்பர்.

உன் கல்யாணத்துக்கு நான் நேரில்தான் போனேன். தட்டு, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு பலமனேர் போனேன். அவன் மண்டிக்குப் போயிருந்தான். அவன் பெண்சாதி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். "நான் இல்லாத நேரம் பாத்து வெச்சிட்டுப் போயிருக்காரு" என்று அவன் சொன்னதாகச் சேதி வந்தது. "ஊட்ல இருக்கவேண்டியதுதானே" என்று நான் சொன்ன சேதி அங்கே போனது. பெண்ணைக் கூடையில் உட்காரவைத்துத் தாய்மாமன் மணமேடைக்குத் தூக்கிவருவது நம் பக்கத்தில் தெலுங்குக்காரர்களைப் பார்த்து நாமும் பிடித்துக்கொண்ட வழக்கம். அவன் வராவிட்டால் உன் அம்மாவின் பெரியம்மா மகன் யாரையாவது தூக்கச் சொல்லலாம் என்றேன். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என் கூடப்பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப வேற ஒருத்தன் என் பொண்ணத் தூக்குவானா?" அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு கல்யாண வேலை எல்லாம் நடந்தது, அவள் முகத்தில் மட்டும் கல்யாணம் இல்லை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், ரிசப்ஷனுக்கு அவன் வந்தான். அக்காவுக்காக வந்தேன், சாப்பிட்டுவிட்டு சித்தூர் பஸ் பிடித்துவிடுவேன், விடிந்தால் மண்டி என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்து வாசலருகே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். என் பக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று அவனுக்குத் தெரியும்படி பார்க்கவில்லை.

டி.ஜே. வேண்டாம், எங்கள் டான்ஸ்தான் என்று நீ பிடிவாதம் பிடித்தபோது நான் பயந்தேன். உன் தோழி ஹெலன் வயலினோடு வந்து நின்றதும் நம் ஆட்கள், "இன்னாது, கோலாட்டமா? குச்சி எங்க?" என்றார்கள். ஹரி மைக்கைப் பிடித்து, தெலுங்கிலேயே "முந்துகு... வெனக்கி... திருகு!" என்று முன்னால், பின்னால், சுற்று மூன்றையும் சொல்லிக்கொடுத்தார். மாப்பிள்ளை மைக்கில் மாட்டிக்கொண்டதால் உனக்கு ஜோடி நான். நம் விஜயபுரத்து ஜனம் பட்டுப்புடவையும் வேட்டியுமாக வரிசையில் நின்றதைப் பார்த்தாயே! நான் நடுவில் நிற்பதைப் பார்த்து ஒருவன், "கண்டக்டரே, ஹோல்டான்!" என்று கத்தினான்.

அப்போதுதான் உன் அம்மா எழுந்து நேராகத் தம்பியிடம் போனாள்.

"டேய் முரளி, எந்திரி."

"அக்கா, பஸ்ஸு போயிடும்."

"எங்க போயிடும்? கண்டக்டரு இங்கதான கீறாரு. வாடா."

பையைப் பிடுங்கி நாற்காலியில் போட்டுவிட்டு இழுத்துவந்தாள். வரிசையின் கோடியில் நின்றாள். இடது பக்கம் அவள், வலது பக்கம் அவன். வழக்கமாகப் பெண்கள் நிற்கும் பக்கம் வலது. யார் எந்தப் பக்கம் நின்றாலும் அந்த டான்ஸில் யாரும் கேட்பதில்லை; ஆனால் வலது பக்கம் நிற்கும் ஆள், வரிசையில் எதிரே வரும் ஒவ்வொரு இடது பக்கத்து ஆளோடும் ஸ்விங் ஆடியே தீரவேண்டும். இடது பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் தெரிந்துதான் அப்படி நின்றாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால், "எனக்கு இன்னா தெரியும், நான் ஆடுனதே இல்ல" என்பாள். அத்தனை சனிக்கிழமையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் அவர்கள் ஓர் இடம் நெருங்கினார்கள். தூரத்தில் அவன் தலை தெரிந்தது. பிறகு தோள் தெரிந்தது. தண்ணீர் குடிக்கப் போவதுபோலக் கழன்றுகொள்ளலாமா என்று பார்த்தேன். என் கை உன் கையில் இருந்தது. அடுத்த சுற்றில் நீ அம்மா பக்கம் திரும்பினாய், என் எதிரே அவன்.

அவன் மின்விசிறியைப் பார்த்தான். நான் வாசல் தோரணத்தைப் பார்த்தேன். "முந்துகு" என்றார் ஹரி. கை நீட்டினோம். மண்வெட்டி பிடித்த கை, காய்ப்பு காய்ப்பாக இருந்தது. முன்னால் வந்தோம், "வெனக்கி" என்றதும் பின்னால் போனோம். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ரேவதி. ஆள் பாரம், அப்படியே சாய்ந்துவிட்டான். அவன் எடை முழுக்க என் விரலில் வந்து தொங்கியது. நானும் சாயாவிட்டால் இருவரும் அவன் பக்கம் போய் விழவேண்டியதுதான். சாய்ந்தேன். அந்த இழுப்பு வந்தது, உன் சமையலறையில் வந்ததே, அதேதான். "திருகு!" என்றார் ஹரி. நிற்காமல் வந்தேன், கியர் சரியாக மாறியது, வலது காலை அவன் வலது கால் பக்கத்தில் வைத்தேன். பக்கத்தில் இல்லை, மேலேயே வைத்துவிட்டேன்.

கை குனிந்துவிட்டது. என்னைக் கேட்கவில்லை. அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வயதில் சின்னவன் காலை அக்கா புருஷன் தொடுவதா? "மாமா! இன்னா பண்ற நீ! எந்திரி மாமா!" என்று பதறிக்கொண்டு அவன் என்னைத் தூக்கக் குனிந்தான். நான் நிமிர்ந்தேன். தலையும் தலையும் மோதிய சத்தம் ஹெலனுக்குக்கூடக் கேட்டிருக்கும். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம். நடுரோட்டில் நின்றுபோன வண்டியைச் சுற்றிக்கொண்டு போவதுபோல ஜனங்கள் எங்களைச் சுற்றி ஆடிக்கொண்டு போனார்கள். நீ திரும்பிப் பார்த்தது அப்போதுதான். பேசியது இதுதான்.

"ஏன் மாமா என் கால்ல வுழுந்த?" அவன் கண் கலங்கியிருந்தது. அடிபட்டதாலா என்று தெரியவில்லை.

வேண்டுமென்றுதான் விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "வுழல மச்சான். கால் பட்டுச்சு. கை தானா போயிடுச்சு."

"அதான பாத்தேன். நீ வேணும்னு வுழுற ஆளா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தானா போச்சு பாரு மாமா, அது போதும்" என்றான். ஆடுகிறவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே அவன்தான் ஆரம்பித்தான்.

"உமா சடங்குக்கு நேர்ல வந்து கூப்ட்டிருக்கணும் மாமா."

"போன்ல கூப்ட்டாலும் நான் வந்திருக்கணும்டா."

ஹரி மைக்கிலேயே "மாவய்யா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டார். வேறென்ன சொல்வேன், பழக்கதோஷம், "ரை...ட்!" என்று கத்தினேன். மண்டபமே சிரித்தது. எழுந்து கையைப் பிடித்துச் சுற்றினோம். எனக்குக் கூச்சம், தரையைப் பார்த்தேன்.

"கீழ பாக்காத மாமா, தல சுத்தும். என் மூஞ்சியப் பாரு."

"உன் மூஞ்சியப் பாத்தா மட்டும் சுத்தாதா?"

பார்த்தேன். மீசையெல்லாம் நரைத்திருந்தது. எனக்குத் தெரியாமல் எப்போது நரைத்தது?

சித்தூர் பஸ் போய்விட்டது, அவன் போகவில்லை. ஹரியோடு உனக்கும் சண்டை வரும், வராத வீடு கிடையாது. அறிவுரை சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை, நீ எனக்குச் சொன்னதையே உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். பின்னால் போ, போகாதே என்று சொல்ல மாட்டேன். கையை மட்டும் விடாதே. நாங்கள் விட்டுவிட்டு இத்தனை வருஷம் நின்றோம்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் முகூர்த்தத்துக்கு நீ கூடைக்குள் தேங்காயைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய், உன்னால் பார்த்திருக்க முடியாது. முரளி ஒரு பக்கம் கூடையைப் பிடித்தான். மறுபக்கம் உறவுக்காரப் பையன் ஒருவன் கை வைக்க வந்தான். முரளி அவனைத் தடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "பொண்ணப் பெத்தவன் தூக்கக்கூடாதுப்பா" என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னார். "என் மாமா எனக்குத் தொணைக்கு வர்றாரு, உனுக்கு இன்னா?" என்றான் அவன். உன் அம்மா வழிவிட்டு நின்றாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கல்யாணம் வந்தது.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். நீ ஒன்றும் லேசாக இல்லை, அமெரிக்கச் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. கூடை சாயாமல் இருக்க நாங்கள் இருவரும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாயவேண்டியிருந்தது, அவன் எடையை நான் வாங்கிக்கொண்டேன், என் எடையை அவன் வாங்கிக்கொண்டான். வழி குறுகல், இரண்டு பக்கமும் ஜனம். கூடைக்கு அடியில் என் காலும் அவன் காலும் மேடை வரைக்கும் பட்டுக்கொண்டே வந்தன. இரண்டு பேருமே குனியவில்லை.

உன்
நைனா